டஸ்கீகீ ஆடுகளத்தின் ஆசான்

நம் சங்கம் போன்ற கல்வி அமைப்புகளின் பொதுக்குழுக் கூட்டங்களில் ஆண்டுக்கொரு முறையேனும் எழுகின்ற வாதம் ஒன்று உண்டு. நூல் வாங்கவும் தேர்வுக் கட்டணம் செலுத்தவும் விடுதியில் அடுப்பெரியவும் பொருள் போதாதிருக்கும் நிலையில், பந்துக்கும் வலைக்கும் பணம் செலவிடலாமா என்பதே அவ்வாதம். அதிலும் பெண்பிள்ளைகளின் விளையாட்டு எனும்போது குரல்கள் இன்னும் சற்று உயர்வதை நாம் கேட்டிருக்கிறோம். "படிக்க அனுப்பினோமா, பந்தாட அனுப்பினோமா?" என்று கேட்கும் பெற்றோரை நாம் குறை கூறவில்லை. வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைப்பவருக்கு அவ்வாறு கேட்கும் உரிமை உண்டு. எனினும், இதே வாதத்தை நம்மினும் முன்னரே சந்தித்த ஒரு மக்கள் கூட்டம் அமெரிக்க நாட்டில் இருந்தது. அவர்களுள் ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் அதற்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாகத் தந்தார். அவர் வரலாற்றை இம்மலரில் பதிவு செய்வது பொருத்தமென்று கருதுகின்றோம்.

அவர் பெயர் கிளீவ்லாண்டு லீ ஆபட். மாணவர்களும் மக்களும் கிளீவ் ஆபட் என்றே அழைத்தனர். அலபாமா மாநிலத்து டஸ்கீகீ கல்வி நிலையத்தில் 1923 முதல் 1955-இல் தாம் மறையும் வரை உடற்கல்வித் துறையை நடத்தியவர் அவர். கால்பந்து ரசிகர்கள் அவரைக் கால்பந்துப் பயிற்சியாளராகவே நினைவு கூர்வர். அமெரிக்கக் கால்பந்தில் அவருடைய அணிகள் 200-க்கும் மேற்பட்ட வெற்றிகளை ஈட்டின. தடகள வரலாறு எழுதுவோர் அவரை மகளிர் ஓட்டப்பந்தயத்தின் தந்தை எனப் போற்றுவர். இவ்விரு புகழின் நிழலில் மறைந்து நிற்பது அவர் ஆற்றிய மூன்றாவது பணி. கறுப்பின மகளிரைக் கல்லூரி டென்னிசில் பயிற்றி நாட்டின் முன்வரிசைக்குக் கொணர்ந்த பணியே அது. நாம் ஈண்டுப் பேசப் புகுவது பெரிதும் அதனைப் பற்றியே. ஏனெனில், அப்பணியில்தான் அவருடைய வெற்றியும், அவரால் உடைக்க இயலாது போன சுவரும் ஒருங்கே தெரிகின்றன.

ஆபட்டின் பெற்றோர் தெற்கே அலபாமாவினின்றும் வடக்கே தெற்கு டகோட்டா மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தவர்கள். அங்கே 1890-களில் பிறந்த ஆபட், வெள்ளையர் பெரும்பான்மையாகப் பயின்ற பள்ளியிலும் புரூக்கிங்ஸ் நகர்க் கல்லூரியிலும் பயின்று, ஆடாத ஆட்டமில்லை என்னுமாறு எல்லா விளையாட்டுகளிலும் சிறந்தார். அவருடைய கல்லூரித் தலைவர் பெரிஷோ என்பவர், டஸ்கீகீயை நிறுவிய புக்கர் டி. வாஷிங்டனைச் சந்தித்தபொழுது இம்மாணவரைப் பற்றி எடுத்துரைத்தார் என்பர். பட்டம் பெற்றதும் டஸ்கீகீக்கு வருமாறு அழைப்பு வந்தது. படிப்பில் நல்ல தகுதி பெற்றாக வேண்டும் என்பது அதனோடு வந்த நிபந்தனை. விளையாட்டு வீரனுக்கு மதிப்பெண் நிபந்தனை விதித்த அப்பெரியவர்களின் எண்ணத்தை நம் மாணவர்கள் கருதிப் பார்க்க வேண்டும். ஆபட் 1916-இல் பட்டம் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டின் நவம்பர்த் திங்களிலேயே வாஷிங்டன் மறைந்துவிட்டார்.

டஸ்கீகீ என்பது எத்தகைய இடம் என்பதனைச் சிறிது கூறுதல் வேண்டும். 1881-ஆம் ஆண்டு சூலை 4-ஆம் நாள் தொடங்கப்பெற்ற அக்கல்வி நிலையம், அடிமைத்தளையினின்று விடுபட்டு ஒரு தலைமுறைகூட நிரம்பாத மக்களுக்காக எழுந்தது. கட்டடங்களுக்கு வேண்டிய செங்கல்லை மாணவர்களே அறுத்துச் சூளையிட்டனர். சுவர்களை அவர்களே எழுப்பினர். படிப்போடு ஒரு கைத்தொழிலும் கற்றாக வேண்டும் என்பது அங்கு விதி. வெள்ளையரோடு உரிமைக்காக மோதாமல் தொழிலால் உயர்வோம் என்ற வாஷிங்டனின் போக்கினை டபிள்யூ.ஈ.பி. டூபாய்ஸ் போன்ற அறிஞர்கள் வன்மையாகக் கண்டித்ததையும் நாம் அறிவோம். அக்கண்டனத்தில் நியாயம் உண்டு என்பதே எம் கருத்து. ஆயினும், அடங்கிப் போகுமாறு கற்பித்ததாகக் குறைகூறப்பட்ட அதே வளாகத்திலிருந்துதான், வெள்ளைப் பெண்களை வெளிப்படையாக வென்று காட்டிய பெண்கள் புறப்பட்டனர். வரலாறு சில வேளைகளில் இவ்வாறு நம் கணக்குக்கு அடங்குவதில்லை.

ஆபட் முதலில் டஸ்கீகீயின் வேளாண்மைப் பிரிவில், புகழ்பெற்ற அறிவியலறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரோடு பணியாற்றினார். முதல் உலகப் போரில் கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றில் அதிகாரியாகப் பிரான்சுக்குச் சென்று மீண்டார். சின்னாள் வேறிடத்தில் பணிபுரிந்து, 1923-இல் உடற்கல்வித் துறைத் தலைவராக டஸ்கீகீக்குத் திரும்பினார். அவருடைய துணைவியார் ஜெஸ்ஸி, வாஷிங்டனின் மனைவியாருக்கும் பின்னர்க் கார்வருக்கும் செயலாளராகப் பணியாற்றியவர்.

அக்காலத்தில் அமெரிக்காவில் பெண்கள் விளையாட்டைப் பற்றி நிலவிய கருத்தினை அறிந்தால்தான் ஆபட் செய்ததன் அருமை விளங்கும். 1923-இல், பின்னாளில் குடியரசுத் தலைவராகிய ஹூவரின் மனைவியார் தலைமையில் கூடிய வெள்ளையர் உடற்கல்வி ஆசிரியைகள், பெண்கள் பரிசுக்காகவும் பட்டத்திற்காகவும் போட்டியிடுதல் அவர்தம் உடலுக்கும் இயல்புக்கும் ஒவ்வாது என்ற கொள்கையைப் பரப்பினர். போட்டிக்கு மாறாக, கல்லூரிப் பெண்கள் ஒன்றுகூடிப் பொழுதுபோக்காக ஆடிக் களைந்து, சிற்றுண்டி அருந்திப் பிரியும் "விளையாட்டு நாள்" என்பதே அவர்கள் பரிந்துரைத்த முறை. 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடிக் களைத்துப் போயினர் என்று கூறி, அவ்வோட்டத்தையே நீக்கிவிட்டனர். 1960 வரை அது மீளவில்லை. கறுப்பினக் கல்லூரிகள் சிலவும், நாகரிகம் என்று தாம் கருதியதனை ஒட்டி, இப்போக்கினையே பின்பற்றின.

ஆபட் பின்பற்றவில்லை. 1927-இல் அவர் தொடங்கிய டஸ்கீகீ தடகள விழாவில் 1929 முதல் பெண்களுக்கும் போட்டிகள் சேர்க்கப்பட்டன. பரிசுக்கான உண்மைப் போட்டிகளே அவை. சிறந்த சிறுமியரைச் சுற்றுவட்டார மாநிலங்களின் பள்ளிகளில் தேடிக் கண்டறிந்து, கல்வி உதவி தந்து டஸ்கீகீக்கு அழைத்து வந்தார். இதன் பயன் எட்டே ஆண்டுகளில் தெரிந்தது. அமெரிக்கத் தொழில்சாரா விளையாட்டுக் கழகத்தின் தேசிய மகளிர் தடகள அணிப் பட்டத்தினை 1937-இல் டஸ்கீகீப் பெண்கள் வென்றனர். 1942 வரை ஆறாண்டுகள் அதனை விடவில்லை. 1943-இல் நழுவிய பட்டத்தை 1944-இல் மீட்டு 1951 வரை தம்மிடமே வைத்திருந்தனர். ஆகப் பதினான்கு முறை. கறுப்பர் மட்டும் கலந்துகொண்ட பந்தயமன்று அது. நாடு முழுமைக்குமான பட்டம் அது.

டென்னிசில் நிலைமை வேறாயிருந்தது. அதே ஆசான், அதே வளாகம், அதே உழைப்பு. ஆயின் டென்னிஸ் ஆடிய பெண்களுக்கு நாட்டின் பாதி மட்டுமே திறந்திருந்தது. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்தல் நம்மனோர்க்கு மிகவும் பயன் தரும்.

ஓட்டப்பந்தயம் பொது அரங்கில் நடப்பது. ஓடுபவள் ஓடி முடித்ததும் தன் வழியே செல்கின்றாள். டென்னிசோ தனியார் மன்றங்களின் புல்தரையில் வளர்ந்த ஆட்டம். ஆடவேண்டுமாயின் மன்றத்தின் வாயிலுள் புக வேண்டும். அங்கே உடைமாற்றும் அறை, குளியலறை, தேநீர்க் கூடம், மாலை விருந்து எல்லாம் உண்டு. ஒரு கறுப்பினப் பெண்ணை வலைக்கு எதிர்ப்புறம் நிறுத்துவதைவிட, ஆட்டம் முடிந்தபின் அவளோடு ஒரே மேசையில் அமர்வதே அவர்களுக்குப் பெரும் இடராகத் தோன்றியது. ஊர்ப்பொதுக் கிணற்றிலும் தேநீர்க் கடையிலும் கோயில் வாயிலிலும் நம் முன்னோர் கண்டதும் இதே மனநிலையன்றோ? பூனா நகரில் பந்துவீச்சில் இணையற்று விளங்கிய பால்வங்கர் பாலூவின் பந்தினைப் பிடிக்கத் தயங்காத மேற்சாதி ஆட்டக்காரர்கள், ஆட்ட இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மட்குவளையில் தேநீர் கொடுத்தனர். ஆட்டத்தைக் காட்டிலும் தேநீரில்தான் தீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது போலும்!

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் இதற்காக அழுதுகொண்டிருக்கவில்லை. 1916-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் கூடித் தமக்கெனத் தனியே அமெரிக்க டென்னிஸ் சங்கம் ஒன்றை நிறுவினர். அடுத்த ஆண்டு பால்டிமோர் நகரின் டுரூயிட் ஹில் பூங்காவில் முதல் தேசியப் போட்டி நடந்தது. அதில் மகளிர் ஒற்றையர் பட்டம் வென்ற லூசி டிக்ஸ் ஸ்லோ என்னும் ஆசிரியை, பின்னாளில் ஹோவார்டு பல்கலைக்கழகத்தின் மகளிர் பிரிவுத் தலைவராக உயர்ந்தார். வெள்ளையரின் சங்கமோ அசையவில்லை. 1929-ஆம் ஆண்டின் இறுதியில், ரெஜினால்டு வீர், ஜெரால்டு நார்மன் என்னும் இரு கறுப்பின இளைஞர்கள் இளையோர் உள்ளரங்கப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் செலுத்தி வந்து நின்றபொழுது, திருப்பி அனுப்பப்பட்டனர். கறுப்பின உரிமை அமைப்பு விளக்கம் கேட்டது. கறுப்பினத்தை இழிவுபடுத்தும் நோக்கம் தமக்கில்லை என்றும், இருசாராரும் தனித்தனியே போட்டி நடத்திக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது என்றும் வெள்ளையர் சங்கம் விடை எழுதியது. இழிவுபடுத்தவில்லை, தனியாக இருங்கள் என்கிறோம், அவ்வளவே! இச்சொற்களை நாம் நம் ஊர்களிலும் கேட்டதில்லையா?

பயணமும் எளிதாக இருக்கவில்லை. உணவு விடுதிகளும் தங்கும் விடுதிகளும் கறுப்பினத்தவருக்குக் கதவடைத்திருந்த காலம் அது. ஆகவே, கறுப்பினச் சங்கத்தின் தேசியப் போட்டி பெரும்பாலும் கறுப்பினக் கல்லூரி வளாகங்களில் நடந்தது. ஆடுகளமும் இருக்கும், கோடை விடுமுறையில் மாணவர் விடுதி அறைகளும் காலியாக இருக்கும். கல்லூரியும் டென்னிசும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஒரு சமுதாயம் தன் கல்விச்சாலையைக் கட்டும்பொழுது வகுப்பறையை மட்டும் கட்டுவதில்லை என்பதற்கு இஃதொரு சான்று.

1936-ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்து வில்பர்ஃபோர்சு கல்லூரியில் அத்தேசியப் போட்டி நடைபெற்றது. வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பகுதியிலிருந்து வந்த ரூமேனியா பீட்டர்ஸ் என்னும் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண் இறுதி ஆட்டம்வரை முன்னேறி, லூலா பாலர்டு என்னும் அனுபவம் மிக்க ஆட்டக்காரியிடம் தோற்றாள். தோற்றவளையே ஆபட் உற்று நோக்கினார். ரூமேனியாவுக்கும் அவளுடைய அக்காள் மார்கரெட்டுக்கும் டஸ்கீகீயில் நான்காண்டுக் கல்வி உதவி தருவதாக அவர் அறிவித்தார். வென்றவரைத் தேடிச் செல்வோர் பலர். தோற்றவரிடம் எதிர்காலத்தைக் காணும் கண் சிலருக்கே வாய்க்கும்.

அச்சகோதரியர் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். தம் வீட்டெதிரே இருந்த ரோஸ் பூங்காவின் கரடுமுரடான களத்தில், பயிற்சியாளர் எவருமின்றித் தாமாகவே ஆடிப் பழகியவர்கள். கல் பொறுக்கிவிட்டு ஆடவேண்டிய களமாம் அது. கறுப்பினச் சங்கத்தை நடத்தியோருள் மருத்துவரும் ஆசிரியரும் தொழில்முறையாளருமே மிகுதி என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. தாழ்த்தப்பட்டோருக்குள்ளும் மேடு பள்ளம் உண்டு. ஆயினும், அச்சங்கத்தின் சிறந்த பெண் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் எளிய குடிகளிலிருந்தே வந்தனர். 1929 முதல் 1937 வரையிலான ஒன்பது ஆண்டுகளில் எட்டு முறை ஒற்றையர் பட்டம் வென்ற ஓரா வாஷிங்டன், வெள்ளையர் இல்லங்களில் வீட்டு வேலை செய்து பிழைத்தவர். வெள்ளையர் உலகின் பேரரசியாய் விளங்கிய ஹெலன் வில்ஸோடு ஒருமுறையேனும் ஆடிப் பார்க்க வேண்டுமென்று அவர் விரும்பினார். அவ்வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

அக்காளும் தங்கையும் ஒன்றாகவே டஸ்கீகீக்குச் சென்று, உடற்கல்வியில் பட்டம் பெற்று 1941-இல் வெளிவந்தனர். கல்லூரியில் டென்னிசோடு கூடைப்பந்தும் ஆடினர். பந்தினை வெட்டி அடிப்பதிலும், சுழலவிட்டுத் தொடங்கும் அடியிலும் இருவரும் வல்லவர்கள். 1938 முதல் 1941 வரை நான்கு முறையும், 1944 முதல் 1953 வரை பத்து முறையுமாகத் தேசிய இரட்டையர் பட்டத்தைப் பதினான்கு முறை வென்றனர். ஒருவரோடொருவர் சேர்ந்து ஆடி இத்தனை முறை வென்ற இணை அரிது. மார்கரெட்டை "பீட்" என்றும் ரூமேனியாவை "ரிப்பீட்" என்றும் மக்கள் செல்லமாக அழைத்தனர். "மீண்டும்" என்று பொருள்படும் அப்பெயர், ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் வென்றதால் நிலைத்தது. தடகளத்திலும் பதினான்கு, டென்னிசிலும் பதினான்கு என்று எண்ணிக்கை ஒத்துப்போனது தற்செயலே. ஒன்று நாட்டுப் பட்டம். மற்றது சேரிப் பட்டம் என்று அன்றைய வெள்ளை உலகம் கருதியிருக்கும். வெற்றிக் கோப்பைகளைத் தவிரப் பணமாக ஒன்றும் வரவில்லை. தம் கைப்பொருளைச் செலவிட்டே ஊர் ஊராகச் சென்று ஆடினர்.

ஆபட்டின் பயிற்சி முறையைப் பற்றி ஒரு செய்தி. கல்வி உதவி பெற்ற பெண்கள் அதற்கு ஈடாக உழைக்க வேண்டியிருந்தது. ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனியிலிருந்து 1939-இல் பள்ளிச் சிறுமியாக வந்த ஆலிஸ் கோச்மன், பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர். அவரே உடற்பயிற்சிக் கூடத்தையும் நீச்சல் குளத்தையும் தூய்மை செய்தார். கால்பந்து அணியின் உடைகளைத் தைத்தார். டென்னிஸ் களிமண் களத்தின்மீது உருளையை இழுத்துச் சமன் செய்தார். இதனைப் படிக்கும்போது நமக்குள் இருவேறு எண்ணங்கள் எழுகின்றன. உழைத்துப் படிப்பதில் இழிவில்லை என்பது ஒன்று. வெள்ளைக் கல்லூரியின் வீராங்கனை எவளேனும் களத்தை உருட்டினாளா என்பது மற்றொன்று. முன்னர்க் கூறிய பாலூவும் பூனாவின் மன்றங்களில் ஆடுகளம் பேணும் வேலைக்காரராகத் தொடங்கியவரே. உருளையை இழுத்த கைகளே அக்களத்தில் ஆடவும் செய்தன என்பதில் டஸ்கீகீக்கும் பூனாவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. டஸ்கீகீயில் களம் அவர்களுடையது.

கோச்மன், வெள்ளையர் பயன்படுத்திய பொதுத் திடல்களில் கால்வைக்க இயலாது, மண் சாலைகளில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர். உயரத் தாண்டுதலில் 1939 முதல் 1948 வரை பத்தாண்டுகள் தொடர்ந்து தேசியப் பட்டம் வென்றார். போரினால் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடவாமற் போயின; அவருடைய சிறந்த ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. 1948-இல் இலண்டனில் 1.68 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. ஆறாம் ஜார்ஜ் மன்னர் தம் கையால் பதக்கம் அணிவித்தார். ஊர் திரும்பியபொழுது ஆல்பனி நகர அரங்கில் பாராட்டு நடந்தது. அரங்கில் வெள்ளையரும் கறுப்பரும் பிரித்து அமர்த்தப்பட்டனர். மேடையிலிருந்த நகரத் தலைவர் அவருடன் கைகுலுக்கவில்லை. மன்னர் தொட்ட கையை நகரத் தலைவர் தொடவில்லை!

இனி, 1946-ஆம் ஆண்டு. அவ்வாண்டு சூலையில் அண்ணல் அம்பேத்கர் அறிஞர் டூபாய்சுக்கு ஒரு மடல் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த முறையீட்டின் படியைக் கேட்டும், இந்தியத் தீண்டப்படாதாரின் நிலைக்கும் கறுப்பர் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டியும் எழுதிய மடல் அது. டூபாய்சு அத்திங்களிலேயே பரிவோடு விடை எழுதினார். அதனையடுத்த ஆகஸ்டில் வில்பர்ஃபோர்சில் மீண்டும் தேசிய டென்னிஸ் போட்டி. இறுதி ஆட்டத்தில், பட்டம் பெற்று ஐந்தாண்டுகள் கடந்த ரூமேனியா பீட்டர்ஸ் ஒருபுறம். நியூயார்க் ஹார்லெம் தெருக்களில் வளர்ந்த, இருபது வயது நிரம்பாத ஆல்தியா கிப்சன் மறுபுறம். உயரமும் வேகமும் கிப்சனுடையவை. ஆட்ட அறிவும் பொறுமையும் ரூமேனியாவுடையவை. மூன்று தொகுதிகள் நீடித்த ஆட்டத்தில் ரூமேனியாவே வென்றார்.

அன்று பார்வையாளரிடையே ஹியூபர்ட் ஈட்டன், ராபர்ட் வால்டர் ஜான்சன் என்னும் இரு கறுப்பின மருத்துவர்கள் இருந்தனர். ஆபட் பத்தாண்டுகட்கு முன் அதே ஊரில் செய்ததனை அவர்களும் செய்தனர்: தோற்ற பெண்ணைத் தேடிச் சென்றனர். கிப்சன், பள்ளி நாட்களில் வடக்குக் கரோலினாவில் ஈட்டன் இல்லத்திலும், கோடையில் வர்ஜீனியாவில் ஜான்சன் இல்லத்திலும் தங்கிப் படித்தார், பயின்றார். இருவர் வீட்டிலும் சொந்த ஆடுகளம் இருந்தது. பொதுக்களங்கள் வெள்ளையருக்கே என்றிருந்த ஊர்களில் வேறு வழியும் இல்லை. கிப்சன் 1947 முதல் 1956 வரை கறுப்பினச் சங்கத்தின் ஒற்றையர் பட்டத்தைத் தொடர்ந்து பத்து முறை வென்றார். இடையே புளோரிடாவின் கறுப்பினக் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுப் படித்து, 1953-இல் பட்டமும் பெற்றார்.

1950-இல் சுவர் விரிசல் கண்டது. முன்னாள் வெள்ளையர் சாம்பியன் ஆலிஸ் மார்பிள், டென்னிஸ் இதழ் ஒன்றில் தம் இனத்தவரையே கடிந்து எழுதினார். அவ்வாண்டு ஆகஸ்டில் கிப்சன் அமெரிக்க தேசியப் போட்டியில் அடியெடுத்து வைத்தார். இரண்டாம் சுற்றில் அவ்வாண்டு விம்பிள்டன் வென்ற லூயிஸ் பிரவுவைத் தோல்வியின் விளிம்புக்குக் கொண்டுசென்று, இடியும் மழையும் குறுக்கிட்டு மறுநாளுக்குத் தள்ளிப்போன ஆட்டத்தில் மயிரிழையில் தோற்றார். பின்னர் 1956-இல் பிரெஞ்சுப் பட்டம். 1957, 1958 ஆகிய ஈராண்டுகளிலும் விம்பிள்டன், அமெரிக்கப் பட்டங்கள். நம் நாட்டு மண்ணையும் அவர் மிதித்ததுண்டு. 1955-இன் இறுதியில் தொடங்கிய நல்லெண்ணப் பயணத்தில் இந்தியா, பர்மா, இலங்கை முதலிய நாடுகளில் அவர் ஆடினார். இங்கிலாந்தின் யூதப் பெண் ஏஞ்சலா பக்ஸ்டனோடு அவருக்கு நட்பு முகிழ்த்தது தில்லியில்தான். இருவரும் இணைந்து 1956-இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றனர்.

ரூமேனியாவுக்கு 1950-இல் முப்பத்துமூன்று வயது. மார்கரெட்டுக்கு முப்பத்தைந்து. கதவு திறந்தபொழுது அவர்கள் வாயிலைக் கடந்து செல்லும் பருவம் கடந்திருந்தனர். கிப்சன் வென்றதனைக் கொண்டாடும் நாம், கிப்சனை வென்றவரை மறந்துவிடுகின்றோம். திறமை இருந்தும் காலம் இல்லாமற் போனவர்களின் கணக்கை எவர் எழுதி வைத்திருக்கிறார்கள்? நம் பாட்டன் பாட்டிமாருள் எத்தனை பேர் அக்கணக்கில் அடங்குவர் என்று எண்ணும்போது இப்பக்கத்தை எழுதும் கை சற்றே நிற்கின்றது.

ஆபட் இவற்றுள் பலவற்றைக் காணாமலே 1955 ஏப்ரலில் மறைந்தார். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என 1954 மே திங்களில் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததை மட்டும் அவர் கண்டார். கிப்சனின் விம்பிள்டனைக் காணவில்லை. தம் கல்லூரியின் மில்ட்ரெட் மெக்டேனியல், 1956-இல் மெல்போர்னில் 1.76 மீட்டர் தாண்டி உலகச் சாதனையோடு தங்கம் வென்றதையும் காணவில்லை. அதே ஒலிம்பிக்கில் அமெரிக்க மகளிர் தடகள அணிக்குப் பயிற்சியாளராகச் சென்ற நெல் ஜாக்சன், ஆபட்டிடம் பயின்ற டஸ்கீகீ மாணவி. ஆபட்டின் மகள் டென்னசி மாநிலக் கறுப்பினக் கல்லூரியில் மகளிர் தடகளப் பயிற்சியைத் தொடங்கி வைத்தார்; வில்மா ருடால்ஃப் பிற்காலத்தில் அக்கல்லூரியிலிருந்தே வந்தார். ஒரு பயிற்சியாளரின் பணியை அவர் வென்ற கோப்பைகளைக் கொண்டு அளப்பதைவிட, அவரிடம் பயின்றோர் எத்தனை பேர் தாமும் பயிற்றுவோராயினர் என்று பார்ப்பதே எமக்குச் சரியாகத் தோன்றுகின்றது. அவ்வகையில் ஆபட்டுக்கு நிகரானோர் சிலரே.

பீட்டர்ஸ் சகோதரியரும் ஆசிரியப் பணியையே ஏற்றனர். இருவரும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றுத் தம் ஊருக்கே திரும்பினர். மார்கரெட் சிறப்புக் கல்வி ஆசிரியையாகி, மற்றப் பள்ளிகள் ஏற்கத் தயங்கிய குழந்தைகளுக்குக் கற்பித்தார். ரூமேனியா ஹோவார்டு பல்கலைக்கழகத்திலும் பின்னர் வாஷிங்டன் நகரப் பள்ளிகளிலும் பணியாற்றினார். வசதியற்ற சிறுவர் சிறுமியர்க்கு டென்னிஸ் கற்றுக் கொடுத்தார். ஆபட்டின் பெயரைத் தேசியத் தடகளப் புகழ் மன்றம் 1996-இல் சேர்த்துக்கொண்டது. சகோதரியரை அமெரிக்க டென்னிஸ் சங்கம், ஆம், முன்னர்க் கதவடைத்த அதே சங்கம், 2003-இல் பாராட்டியது. அவ்வாண்டே ரூமேனியா காலமானார். மறு ஆண்டு மார்கரெட்டும் மறைந்தார். இருவரும் கல் பொறுக்கி ஆடிய ரோஸ் பூங்காவின் ஆடுகளத்துக்கு 2015-இல் அவர்கள் பெயர் சூட்டப்பெற்றது.